கரண்டித் தொழிற்சாலையிலிருந்து வந்த சத்தம்

ஈப்போவில் மாமா வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. உள்ளே முழுக்க கேசட்டுகள். பாதிக்கு மேல் பாசார் மாலாமில் வாங்கிய கள்ளப் பிரதிகள். இளையராஜாவுக்குக் கீழே ஸ்கார்பியன்ஸ், ஸ்கார்பியன்ஸுக்குக் கீழே டி.எம்.எஸ். பாடிய முருகன் பாட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் டெஃப் லெப்பர்டின் 'பைரோமேனியா'. அட்டையில் ஓர் உயரமான கட்டடம் தீப்பிடித்து எரிகிறது. அதன் மேல் துப்பாக்கியின் குறிவட்டம். அச்சு மங்கி நெருப்பின் நிறமே போய்விட்டது. உள்ளே பாட்டுகளின் பெயர்கள் மட்டும். அதிலும் இரண்டு எழுத்துப்பிழை. யார் பாடினார்கள், யார் எதை வாசித்தார்கள், ஒன்றும் கிடையாது. கள்ளக் கேசட்டில் அதையெல்லாம் எதிர்பார்க்க முடியாதுதான்.

1984இல் மாமாவுக்கு 16 வயது. எங்கிருந்தோ இங்கிலாந்துக் கொடி போட்ட கையில்லாத பனியன் ஒன்றை வாங்கி வந்து மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். தோட்டத்தில் பால்மரம் வெட்டிய எங்கள் பாட்டிக்கு அந்தக் கொடியை நன்றாகத் தெரியும். "அவன் கொடிய எறக்கி எம்புட்டு வருசம் ஆச்சு, நீ எதுக்குடா எடுத்து மாட்டிக்கிட்டு நிக்கிற?" என்று கேட்டாராம். மாமாவிடம் பதில் இல்லை. "ஜோ எலியட் போடுறாரும்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஜோ எலியட் யாரென்று பாட்டி கேட்கவில்லை.

ஜோ எலியட், டெஃப் லெப்பர்டின் பாடகர். பைரோமேனியா அவர்களுடைய மூன்றாவது ஆல்பம், 1983 ஜனவரி 20 அன்று வெளியானது. அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறி அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. முதலிடத்தை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தது மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்'. அதனிடம் தோற்பதில் யாருக்கும் வெட்கமில்லை. 2004இல் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி பிரதிகள் விற்றதற்கான சான்றிதழ் பைரோமேனியாவுக்குக் கிடைத்தது. அதுவரை நீளமுடி வைத்த பையன்களின் தனி உலகமாக இருந்த மெட்டல், பள்ளிக்கூடப் பேருந்திலும் அக்கா தங்கைகளின் அறையிலும் வானொலியின் காலை நிகழ்ச்சியிலும் கேட்கத் தொடங்கியதற்கு ஒரு தேதி குறிக்கச் சொன்னால் நான் 1983 என்பேன். இந்த ஆல்பம் என்பேன்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், வரட்டும். லெட் செப்பலின் விற்கவில்லையா? 1980இல் ஏசி/டிசியின் 'பேக் இன் பிளாக்' விற்கவில்லையா? விற்றன, கொள்ளையாக விற்றன. ஆனால் அவை ஆல்பமாக விற்றன. கன கிட்டார் இசை ஆல்பம் வாங்குபவர்களின் இசையாகவே இருந்தது. ஒரே ஆல்பத்திலிருந்து பாட்டுப் பாட்டாக எடுத்து, பாப் பாடல்களோடு வரிசையில் நிறுத்தி, 'போட்டோகிராஃப்' 12ஆம் இடம், 'ராக் ஆஃப் ஏஜஸ்' 16ஆம் இடம், 'ஃபூலின்' 28ஆம் இடம் என்று ஏற்றியது புதிது. இன்னொரு மறுப்பும் உண்டு: இது மெட்டலே இல்லை, ஹார்ட் ராக். இதைச் சொல்பவர்களில் முதல் ஆள் ஜோ எலியட்டேதான். மெட்டல் என்ற முத்திரையை அவர் எப்போதும் உதறியே வந்திருக்கிறார். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 1983இல் அமெரிக்கக் கடைக்காரர் அதை எந்தத் தட்டில் வைத்தார், வாங்கிய பையன் அதற்கு என்ன பெயர் சொன்னான் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

கதை ஷெஃபீல்டில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் எஃகு நகரம். கத்தி, கரண்டி, முள்கரண்டி என்று உலகத்தின் சாப்பாட்டு மேசைக்கே சாமான் செய்து அனுப்பிய ஊர். 1977இல் ரிக் சாவேஜ், பீட் வில்லிஸ் என்ற இரண்டு பள்ளித் தோழர்களின் குழுவில் எலியட் வந்து சேர்ந்தார். பேருந்தைத் தவறவிட்டு நடந்துபோன வழியில் வில்லிஸைச் சந்தித்ததாகக் கதை. பிறகு ஸ்டீவ் கிளார்க் இரண்டாவது கிட்டாருக்கு வந்தார். டிரம்ஸுக்கு வந்த ரிக் ஆலனுக்கு வயது 15. ஒத்திகை நடந்தது ஒரு பழைய கரண்டித் தொழிற்சாலையில். முதல் சிறு தட்டை 1979இல் சொந்தமாகவே போட்டார்கள். எலியட்டின் அப்பா கொடுத்த கடன். பிபிசியில் ஜான் பீல் அதை ஒலிபரப்பினார், பெரிய நிறுவனங்கள் தேடி வந்தன.

அந்த ஆண்டுகளின் ஷெஃபீல்டை மறந்துவிட்டு இந்த இசையைக் கேட்க முடியாது என்று நினைக்கிறேன். 1980 ஜனவரியில் பிரிட்டன் முழுக்க எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 13 வாரம் நீடித்தது. அதன் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்தன, மூடின. 1982 ஜனவரியில் நாட்டில் வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. அதே மாதம்தான் பைரோமேனியாவின் வேலையும் தொடங்கியது. ஆனால் ஆல்பத்தில் ஷெஃபீல்டு ஒரு சொல்லாகக்கூட இல்லை. வேலைநிறுத்தம் இல்லை, தாட்சர் இல்லை, புகைபோக்கி இல்லை. ஒரு பெண்ணின் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஏங்குகிற பையன் இருக்கிறான். வியட்நாமிலிருந்து திரும்பி வந்தும் போரிலிருந்து திரும்பாத ஓர் அமெரிக்கப் படைவீரன் இருக்கிறான். கடைசிப் பாட்டில் கையில் துப்பாக்கியோடு ஒருவன். எல்லாம் சினிமாவில் பார்த்த அமெரிக்கா. ஊரை விட்டுத் தப்பிக்க நினைக்கிறவன் ஊரைப் பற்றிப் பாடமாட்டான் என்று எனக்குப் படுகிறது. நம் அப்பாக்கள் ரப்பர் தோட்டத்தில் உட்கார்ந்து எம்.ஜி.ஆர். படத்து மதுரையைப் பாடிக்கொண்டிருக்கவில்லையா?

இந்தத் தப்பிக்கும் ஆசையை ஊரில் பலர் மன்னிக்கவில்லை. அப்போது இங்கிலாந்தில் அயர்ன் மெய்டன், சாக்ஸன், டயமண்ட் ஹெட் என்று புதிய குழுக்கள் கூட்டமாகக் கிளம்பியிருந்தன. 'சவுண்ட்ஸ்' இதழ் அதற்கு 'பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை' என்று பெயர் வைத்தது. அந்த அலையில் சேர்த்துப் பேசப்பட்ட டெஃப் லெப்பர்டு, 1980இல் வந்த முதல் ஆல்பத்திலேயே அமெரிக்காவுக்கு வணக்கம் போட்டு ஒரு பாட்டு வைத்திருந்தது. உடனே அமெரிக்காவில் சுற்றுப்பயணமும் போனது. அந்த ஆகஸ்டில் ரெடிங் திருவிழா மேடையில் ஏறியபோது கூட்டத்திலிருந்து பொருட்கள் பறந்து வந்தன. விற்றுப்போனவர்கள் என்று கோபம். இந்தச் சம்பவம் ஊதிப் பெரிதாக்கப்பட்டது, அன்று எல்லாக் குழுக்கள் மீதும்தான் எறிந்தார்கள் என்று எலியட் பின்னாளில் சொன்னார். இருக்கலாம். ஆனால் பைரோமேனியா அமெரிக்காவில் இரண்டாம் இடம் பிடித்த ஆண்டில் சொந்த நாட்டில் 18ஆம் இடத்தோடு நின்றது. 'போட்டோகிராஃப்' பாட்டு அங்கே முதல் 40க்குள்கூட வரவில்லை. ஊர் கேட்கத் தயாராக இல்லை, அவ்வளவுதான்.

இப்போது இந்தக் கதையின் முக்கியமான ஆளுக்கு வரலாம். ராபர்ட் ஜான் லாங், எல்லோரும் 'மட்' லாங் என்பார்கள். ஸாம்பியாவில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். பேட்டி கொடுக்கமாட்டார், படம் எடுக்க விடமாட்டார். ஏசி/டிசியின் 'ஹைவே டு ஹெல்', 'பேக் இன் பிளாக்' இரண்டையும் தயாரித்தவர். பல ஆண்டு கழித்து ஷனாயா ட்வெய்னின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்தைத் தயாரித்து நாட்டுப்புறப் பாட்டையும் இதே போல் பெருங்கூட்டத்தின் முன் கொண்டுபோய் நிறுத்தியவரும் இவரே. 1981இல் டெஃப் லெப்பர்டின் இரண்டாவது ஆல்பத்தைத் தயாரித்தார். மூன்றாவதில், பாட்டு எழுதும் கட்டத்திலேயே உள்ளே வந்துவிட்டார். பைரோமேனியாவின் 10 பாட்டுகளிலும் ஆசிரியர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

ஒரு ராக் குழு ஆல்பம் பதிவு செய்வது என்றால் நம் மனதில் என்ன காட்சி வருகிறது? நாலைந்து பேர் ஓர் அறையில் நின்று சேர்ந்து வாசிக்கிறார்கள், ஒலிநாடா ஓடுகிறது. லாங்குக்கு அந்தக் காட்சியில் ஆர்வமே இல்லை. சசெக்ஸில் பேட்டில் என்ற சிற்றூரில் இருந்த ஒலிப்பதிவுக்கூடத்திலும், பிறகு லண்டனிலும் அவர் செய்தது வேறு. முதலில் ஒரு லின் டிரம் இயந்திரத்தைத் தாளத்துக்கு ஓடவிடுவார். அதன் மேல் கிட்டார், ஒவ்வொருவராக. பிறகு பாடகர். கோரஸுக்கு ஒரே குரல்களை மீண்டும் மீண்டும் பதிவு செய்து அடுக்குவார். அவரும் சேர்ந்து பாடுவார். அந்தக் கோரஸ்களைக் கேட்டால் ஐந்து பேர் பாடுவது போல இருக்காது. கால்பந்து மைதானத்தில் ஒரு பக்கக் கூட்டம் முழுக்க எழுந்து பாடுவது போல இருக்கும். அதே சமயம் ஒரு சுருதி பிசகாது. மைதானத்துக் கூட்டத்துக்குச் சுருதி கிடையாது, சுருதி சுத்தமான கூட்டத்துக்குச் சூடு கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கியதுதான் லாங்கின் வித்தை.

எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் டிரம்ஸ். சாதாரணமாக வீட்டுக்கு அடித்தளம் போடுவது மாதிரி டிரம்ஸைத்தான் முதலில் பதிவு செய்வார்கள். லாங் கூரை போட்டுவிட்டு அடித்தளத்துக்கு வந்தார். அதிலும் ரிக் ஆலன் உட்கார்ந்து முழுப் பாட்டையும் அடித்துப் பதிவு செய்யவில்லை. சிட்னியில் உருவாக்கப்பட்ட ஃபேர்லைட் என்ற கணினிக் கருவி அப்போது புதிதாக வந்திருந்தது. ஓர் ஓசையைப் பதிந்து வைத்துக்கொண்டு வேண்டியபோது வேண்டிய இடத்தில் திருப்பித் தரும். பொறியாளர் மைக் ஷிப்லியும் லாங்கும் அதில் டிரம் ஓசைகளை ஏற்றி, ஒவ்வொரு அடியையும் அதனதன் இடத்தில் வைத்தார்கள். சிம்பல்களை மட்டும் ஆலன் தனியாக வாசித்தார். இன்றைக்குக் கைப்பேசியிலேயே இதைச் செய்யலாம். 1982இல் இது கிறுக்குத்தனம்.

கீபோர்டு வாசித்தது தாமஸ் டால்பி. அந்தக் காலத்து மின்னணுப் பாப்பின் செல்லப்பிள்ளை. மெட்டல் ஆல்பத்தில் பெயர் வந்தால் நன்றாக இருக்காது என்றோ என்னவோ, அட்டையில் 'புக்கர் டி. பாஃபின்' என்ற புனைபெயர் போட்டுக்கொண்டார். எனக்கு இது வெறும் வேடிக்கைத் தகவலாகத் தோன்றவில்லை. ஷெஃபீல்டின் இன்னொரு இசை முகம் ஹியூமன் லீக், கபரே வால்டேர், ஹெவன் 17. எல்லாம் இயந்திர இசை. எஃகு நகரத்துப் பிள்ளைகளில் ஒரு பாதி சிந்தசைசரை எடுத்தது, மறுபாதி கிட்டாரை எடுத்தது என்று எழுதுவார்கள். ஆனால் பைரோமேனியாவைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அது உருவான விதத்தில் அயர்ன் மெய்டனைவிட ஹியூமன் லீக்குக்குத்தான் பக்கத்துச் சொந்தம். கிட்டாரும் கூச்சலும் வெளியே, உள்ளே ஓடுவது இயந்திரம்.

வரிகளும் இப்படித்தான், கடைசியில். 'ராக் ஆஃப் ஏஜஸ்' பாட்டுக்கு மெட்டு இருந்தது, கோரஸில் பாடச் சொல் இல்லை. ஒலிப்பதிவுக்கூடத்தில் யாரோ விட்டுப்போன கிறிஸ்துவப் பாட்டுப்புத்தகம் கிடந்தது. திறந்திருந்த பக்கத்தில் அந்தப் பழைய பக்திப்பாட்டின் தலைப்பு. எலியட் அதைப் பாடிப் பார்த்தார், பொருந்திவிட்டது. கவிதை எழுதுபவர்களுக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும். எனக்கும் வந்தது. பிறகு நம் சினிமாப் பாட்டும் மெட்டுக்குச் சொல் தேடித்தானே வந்திருக்கிறது என்று அடங்கிப்போனேன்.

இப்படி வேலை செய்தால் எவ்வளவு நாள் ஆகும்? ஏறக்குறைய 11 மாதம். செலவுக் கணக்கு ஏறிக்கொண்டே போனது. ஆல்பம் ஓடாவிட்டால் அந்தக் கடனில் குழு மூழ்கியிருக்கும். இதற்கு நடுவில்தான் ஜூலை 11 வந்தது.

அன்று பீட் வில்லிஸை வெளியே அனுப்பினார்கள். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருக்கு வயது 22. காரணம் குடி. குடித்துவிட்டு ஒலிப்பதிவுக்கு வந்தார், வாசிக்க முடியவில்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வில்லிஸ் குடித்தது உண்மை. ஆனால் யோசித்துப் பார்த்தால், கரண்டித் தொழிற்சாலை நாட்களில் ஒருவன் கொஞ்சம் தள்ளாடினால் மற்ற நாலு பேரின் சத்தத்தில் அது கரைந்துபோயிருக்கும். சேர்ந்து வாசிப்பதில் அந்த ஒரு கருணை உண்டு. இயந்திரத்தின் முன் ஒற்றையாளாக உட்கார்ந்து, ஒரே பகுதியை மயிரிழை பிசகாமல் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கிற அறையில் கருணைக்கு இடமில்லை. லாங்கின் முறை வில்லிஸைக் குடிக்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர் எங்கே நிற்கிறார் என்பதை அது எல்லோருக்கும் காட்டிக் கொடுத்துவிட்டது.

அவர் இடத்துக்கு 'கேர்ள்' என்ற குழுவிலிருந்து பில் காலன் வந்தார். முதல் வேலை 'ஸ்டேஜ்ஃபிரைட்' பாட்டில் தனி வாசிப்பு. ஒரே மூச்சில் வாசித்துக் கொடுத்தார். இன்னும் சில பாட்டுகளின் தனி வாசிப்பும் அவருடையதே. ஆனால் அதற்குள் 10 பாட்டுகளின் ரிதம் கிட்டாரையும் வில்லிஸ் வாசித்து முடித்திருந்தார். அவற்றை அழிக்கவில்லை. 'போட்டோகிராஃப்' உட்பட சில பாட்டுகளின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். இசைத்தட்டின் அட்டையில் பெயரும் இருக்கிறது. காணொளியில்தான் இல்லை.

அங்கேதான் விஷயம். ஏனென்றால் பைரோமேனியாவை உலகம் முதலில் பார்த்தது, அதற்குப் பிறகுதான் கேட்டது. எம்டிவி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் பாட்டுக் காணொளி போடவேண்டும், போடுவதற்குப் போதுமான காணொளிகள் அமெரிக்காவிலேயே இல்லை. இங்கிலாந்துக் குழுக்கள் காணொளி எடுக்கும் பழக்கம் உள்ளவை. டெஃப் லெப்பர்டின் முந்தைய ஆல்பத்துக் காணொளி ஒன்றை எம்டிவி போடப் போட, சத்தமில்லாமல் அந்த ஆல்பம் மறுபடி விற்க ஆரம்பித்திருந்தது. ஆக வழி தெரிந்தது. 'போட்டோகிராஃப்' காணொளியை டேவிட் மாலட் இயக்கினார். மர்லின் மன்றோ சாயலில் ஒரு பெண், கூண்டுகளும் விளக்குகளும், இங்கிலாந்துக் கொடிப் பனியனில் எலியட், கொடிக் கால்சட்டையில் ஆலன். இருபது வயதுக்காரர்கள், அழகானவர்கள். அதுவரை மெட்டல் குழுவின் படத்தைப் பெண்கள் சுவரில் ஒட்டுவது அபூர்வம். இப்போது ஒட்டினார்கள். மெட்டல் கச்சேரிக்குப் பெண்கள் வர ஆரம்பித்ததை ஏதோ தரம் தாழ்ந்துபோனதற்கு ஆதாரம் போல எழுதுகிற ஆண் விமர்சகர்களை இன்றைக்கும் படிக்கலாம். அது அவர்கள் பிரச்சினை.

ஆனால் அந்த எம்டிவி யாருக்கெல்லாம் கதவைத் திறந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை அது ஏறக்குறைய தொடவில்லை. நாங்கள் ராக் போடுகிறவர்கள் என்று சமாதானம் சொன்னது. 1983 மார்ச்சில் 'பில்லி ஜீன்' வந்துதான் அந்தக் கதவு உடைந்தது. அதே 'த்ரில்லர்' ஆல்பத்தின் 'பீட் இட்' பாட்டில் தனிக் கிட்டார் வாசித்தவர் எடி வான் ஹேலன். ஆக, 1983இல் பட்டியலின் முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் ஹார்ட் ராக் கிட்டார் இருந்தது. வெள்ளைப் பையன்களுக்குத் தானாகத் திறந்த கதவை ஜாக்சன் இடித்துத் திறக்கவேண்டியிருந்தது என்பதுதான் வித்தியாசம்.

அந்த ஆண்டு டெஃப் லெப்பர்டு அமெரிக்காவில் பில்லி ஸ்கொயருக்கு முன்னால் வாசிக்கிற குழுவாகப் பயணத்தைத் தொடங்கியது. செப்டம்பரில் சான் டியேகோ மைதானத்தில் 55,000 பேர் முன்னால் தலைமைக் குழுவாக முடித்தது. நடுவில் மே மாதம் கலிஃபோர்னியாவின் 'அஸ்' திருவிழாவில் ஹெவி மெட்டலுக்கென்றே ஒரு நாள் ஒதுக்கி, கூட்டம் லட்சக்கணக்கில் வந்தது. நவம்பர் கடைசியில் குவயட் ரயட்டின் 'மெட்டல் ஹெல்த்' பட்டியலில் முதலிடத்தையே பிடித்தது. மெட்டல் ஆல்பம் ஒன்று அங்கே முதலிடம் வந்தது அதுதான் முதல் தடவை. பிறகு லாஸ் ஏஞ்சலஸிலிருந்து முடியும் ஒப்பனையுமாக வரிசை கட்டி வந்தார்கள். அவர்களில் பலரைப் பற்றி எழுத எனக்குப் பெரிய ஆர்வமில்லை. லாங்கின் கோரஸைப் பிடித்துக்கொண்டார்கள், அதற்குப் பின்னால் இருந்த 11 மாதத்தை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பக்கம், அதே 1983 ஜூலையில் மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வந்தது. வேகம், அழுக்கு, கோபம். பைரோமேனியாவுக்கு நேர் எதிரி என்றுதான் எல்லோரும் பேசினார்கள். எங்கள் தலைமுறை மெட்டல் நண்பர்களிடம் டெஃப் லெப்பர்டு பிடிக்கும் என்று சொன்னால் இன்றும் சிரிப்பார்கள். மெட்டாலிகா என்றால் மரியாதை. ஆனால் டெஃப் லெப்பர்டை நடத்திய பீட்டர் மென்ஷும் கிளிஃப் பர்ன்ஸ்டீனும்தான் 1984இல் மெட்டாலிகாவையும் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் அதே மெட்டாலிகா, பாப் ராக் என்ற தயாரிப்பாளரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து, பாட்டுகளைச் சுருக்கி, ஓசையைச் செதுக்கி, கறுப்பு அட்டையோடு ஓர் ஆல்பம் போட்டு முதலிடம் போனது. விற்றுப்போனார்கள் என்று அப்போது அவர்களையும் திட்டினார்கள். நம் இலக்கியக் கூட்டங்களிலும் இந்தச் சொல்லைப் பார்க்கலாம். ஒருவருடைய புத்தகம் ஐயாயிரம் பிரதி விற்றால் போதும், தேநீர் இடைவேளையில் ஆரம்பித்துவிடும். லாங்கின் முறையில் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன, ஆனால் அவை எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைப் பற்றியவை அல்ல. யாருடைய கை பதிவில் இருக்கிறது, யாருடைய முகம் வெளியே தெரிகிறது என்பதைப் பற்றியவை.

ரிக் ஆலனின் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியை விட்டுப் போக முடியாது. 1984 டிசம்பர் 31. ஷெஃபீல்டு பக்கம் ஏ57 சாலையில் அவர் ஓட்டிய கார் கவிழ்ந்தது. இடது கை துண்டாகிவிட்டது. மருத்துவர்கள் ஒட்டிப் பார்த்தார்கள், கிருமி பரவியதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு வயது 21. டிரம்ஸ் வாசிப்பவனுக்கு ஒரு கை போனால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். குழு ஆளை மாற்றவில்லை. இரண்டரை ஆண்டுக்கு முன் ஒருவரை வெளியே அனுப்பிய அதே குழு, இந்தத் தடவை காத்திருந்தது.

எப்படித் திரும்பி வந்தார்? இடது கை அடிக்கவேண்டிய அடிகளை இடது காலுக்கு மாற்றினார். காலால் மிதிக்கும் பெடல்கள், அவற்றை மிதித்தால் பதிந்து வைத்த டிரம் ஓசையை எழுப்பும் மின்னணுக் கருவிகள். அதாவது, அடிப்பது ஓரிடம், ஓசை பிறப்பது வேறிடம். பைரோமேனியாவில் லாங் செய்த அதே வேலை. டிரம்ஸ் வாசிப்பவனைத் தேவையில்லாதவனாக ஆக்கும் என்று பயந்த தொழில்நுட்பம், ஒரு கை இல்லாதவனை மறுபடி டிரம்ஸ் முன்னால் உட்கார வைத்தது. எத்தனை தடவை யோசித்தாலும் இந்த இடத்தில் என் வாதம் கொஞ்சம் ஆடிப்போகிறது. ஆடட்டும்.

1986இல் அயர்லாந்தின் சிறிய அரங்குகளில் இரண்டாவது டிரம்மர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தார்கள். ஒருநாள் அந்தத் துணை ஆள் வந்து சேரத் தாமதமாகிவிட்டது. ஆலன் தனியாகவே வாசித்தார். அதன் பிறகு துணை தேவைப்படவில்லை. ஆகஸ்ட் 16 அன்று டானிங்டன் திருவிழா. ஆறு ஆண்டுக்கு முன் ரெடிங்கில் பொருட்களை எறிந்த அதே மாதிரியான இங்கிலாந்து மெட்டல் கூட்டம். எலியட் ஆலனின் பெயரைச் சொன்னதும் எழுந்த ஆரவாரம் அடங்க வெகுநேரம் ஆனது. அடுத்த ஆண்டு வந்த 'ஹிஸ்டீரியா' சொந்த நாட்டிலும் முதலிடம் பிடித்தது.

குடிக்காக வெளியேற்றப்பட்ட வில்லிஸ், பிறகு ஓரிரு குழுக்களில் வாசித்துவிட்டு ஒரு கட்டத்தில் இசைத் தொழிலையே விட்டார். உயிரோடு இருக்கிறார். குழுவில் தங்கிய ஸ்டீவ் கிளார்க்கும் குடித்தார், அதிகமாகவே. மற்றவர்கள் சிகிச்சைக்கு அனுப்பினார்கள், நேரம் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். 1991 ஜனவரி 8 அன்று, 30 வயதில், மதுவும் மருந்தும் சேர்ந்து கிளார்க் இறந்துபோனார். எது கருணை, எது கடுமை என்று இதை வைத்து என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. 2019 மார்ச்சில் டெஃப் லெப்பர்டை அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழரங்கில் சேர்த்தார்கள். பட்டியலில் கிளார்க்கின் பெயரும் வில்லிஸின் பெயரும் இருந்தன. வில்லிஸ் விழாவுக்குப் போகவில்லை.

போன தீபாவளிக்கு ஈப்போ போயிருந்தபோது இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். மாமாவிடம் ஒரு பழைய காப்போக் கிட்டார் உண்டு. 'போட்டோகிராஃப்' பாட்டின் ரிதம் வாசிப்பைக் கேசட்டைத் திருப்பித் திருப்பி ஓட்டியே கற்றுக்கொண்டவர். கல்யாண வீடுகளில், தாமான் பொங்கல் விழாவில், எங்கே கையில் கிட்டார் கிடைத்தாலும் முதலில் அதைத்தான் வாசிப்பார். காணொளியில் பில் காலன் நின்ற மாதிரியே காலை அகட்டி நின்று வாசிப்பார்.

"அப்ப நான் கத்துக்கிட்டது காலனோட வாசிப்பு இல்லியா?"

"தனி வாசிப்பு மட்டும்தான் மாமா அவரோடது. நீங்க வாசிக்கிறது பீட் வில்லிஸ்."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அப்புறம் எழுந்துபோய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்து, கேசட்டைத் தேடி எடுத்து, அட்டையை உருவினார். "பேரு என்ன சொன்ன?" என்று மறுபடி கேட்டார். பாட்டுப் பட்டியலுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஆங்கிலத்தில் எழுதினார். 'வில்லிஸ்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனது. நான் சொல்லவில்லை.